அம்மாவின் கண்ணில் குறையில்லை

அம்மா கண்ணைக் கசக்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். கணினித் திரையில் எழுத்துகள் அப்போதும் தண்ணீர் பட்டு ஊறியவை போலவே மங்கி நின்றன.

"இன்னைக்கும் அப்படித்தானா?" என்றார் அப்பா.

"மூணு நாளா இதே கதைதான். எறும்பு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. எனக்கு வயசாயிடுச்சு போல."

"என் சட்டையில இருந்த டீக்கறை மட்டும் வாசல்லயே தெரிஞ்சுதே!"

அப்பா சிரித்தார். பக்கத்தில் தோசை தின்றுகொண்டிருந்த அவர்களின் சிறுமிக்குச் சிரிப்பு வரவில்லை. பிய்த்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அம்மா வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துபவர். 'வேலைக் கணினியைத் தொடாதே' என்று சொல்லியிருந்தார். ஆனால், மூன்று நாட்களுக்கு முன் அம்மா கடைக்குப் போனபோது, சிறுமி அதில் கார்ப் பந்தயம் விளையாடினாள். கார் பெரிதாகத் தெரியட்டும் என்று திரை அமைப்பில் எதையோ மாற்றினாள். கார் பெரிதானது. காலடிச் சத்தம் கேட்டதும் விளையாட்டை மூடிவிட்டு ஓடினாள். மாற்றியதை அப்படியே விட்டுவிட்டாள்.

அம்மா கைகூப்பிக் கண்ணை மூடினார். "கடவுளே, என் கண்ணை மட்டும் பறிச்சுடாதே."

பிறகு தொலைபேசியை எடுத்தார். "பதிப்பகத்துல சொல்லிடறேன். இனிமே வேற ஆளைப் பார்த்துக்கட்டும்."

சிறுமியின் காதுமடல் சுட்டது.

"அம்மா, போன் பண்ணாதே! உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெடுத்தேன்."

"என் கண்ணையா?"

"இல்லம்மா... திரையை."

அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டாமல் தொலைபேசியைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சிறுமி கணினி முன் உட்கார்ந்தாள். திரை அமைப்பைத் தேடித் திறந்தாள். திரைத் தெளிவுக்கான எண்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் பக்கத்தில் மட்டும் 'பரிந்துரைக்கப்படுவது' என்று இருந்தது. அதை அழுத்தினாள். திரை ஒரு கணம் கறுத்தது.

மறுகணம் எழுத்துகள் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்று நின்றன.

அம்மா முதல் வரியை மெல்ல வாசித்தார். அடுத்த வரியை மளமளவென்று வாசித்தார்.

"ஐயோ பாவம், என் கண்ணு! மூணு நாளா அதைப் போய்த் திட்டினேனே. அதுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"நானும்தான் கேக்கணும்மா," என்றாள் சிறுமி, தரையைப் பார்த்தபடி.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "இதோ, ரெண்டும் காத்துக்கிட்டிருக்கு. கேளு."

சிறுமி எட்டி, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு முத்தம் வைத்தாள்.