பூட்டுக்கு முன்னால் ஒரு முக்காலி

தெருக்கோடியில் இருந்த போலீஸ் ஸ்டேஷனை மூடி வெகுநாள் ஆகியிருந்தது. பூட்டில் துருகூட ஏறிவிட்டது. ஆனால், தெருக்காரர்களின் கால்களுக்கு மட்டும் அது தெரியவே இல்லை! எதைத் தொலைத்தாலும், எதைக் கண்டெடுத்தாலும், கால்கள் நேராக அங்கேதான் போகும். போய்ப் பூட்டைப் பார்த்து முழிக்கும். கால் எப்படி முழிக்கும் என்று கேட்காதீர்கள், கண்ணுகளா!

சண்டைக்கோழியின் தம்பி சந்தையில் காணாமல் போனபோதும் அப்படித்தான் ஆயிற்று. சண்டைக்கோழி என்பது அவளுடைய பட்டப்பெயர். ஏன் என்று இப்போது தெரிந்துவிடும்.

பழக்காரர் ஒருவர் தம்பியைக் கண்டுபிடித்து இங்கே தூக்கி வந்தார். பூட்டு! உடனே பஸ் ஏறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அவர் போன கையோடு அம்மா இங்கே ஓடிவந்தாள். பூட்டு! பொழுது சாயும்வரை அழுதுகொண்டே அலைந்தாள்.

தம்பி கிடைத்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து தூங்கும்போதுகூட அம்மாவின் கையை விடுவதில்லை.

"அங்க யாராவது ஒருத்தர் இருந்திருந்தா போதுமேம்மா!" என்றாள் சண்டைக்கோழி.

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். "போலீஸ்தான்டி இருக்கணும்."

"அவங்க வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

தையல் கடை முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அங்கேதான். யார் எதைக் கண்டெடுத்துக் கொடுத்தாலும் ஸ்டேஷன் கேட் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். குடை, ஒற்றைச் செருப்பு... ஒருநாள் பல்செட்டு!

வாயைப் பொத்திக்கொண்டு வந்த தாத்தாவிடம், "போட்டுச் சிரிச்சுக் காட்டுங்க தாத்தா, உங்களுதுதான்னு நம்புறேன்" என்றாள்.

ஒரு மாலை ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். பின்னாலேயே ஏணியோடு ஒரு கான்ஸ்டபிள்.

"எழுந்திரு பாப்பா. ஸ்டேஷன் பேர்ப்பலகையைக் கழட்டணும். இனிமே இது குடோன்."

"மாட்டேன்."

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். இங்க உக்கார வேண்டியவர்கிட்ட."

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் சமாளித்தார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர், ஏங்கி ஏங்கி அழும் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி வந்தார். "சந்தையில தனியா நின்னுச்சு சார்."

"பெரிய ஸ்டேஷனுக்குக் கொண்டு போப்பா" என்றார் அதிகாரி.

"போகாதீங்கண்ணா!" சண்டைக்கோழி கத்தியே விட்டாள். "இவங்க அம்மா இங்கதான் ஓடி வருவாங்க!"

குழந்தையை முக்காலியில் உட்காரவைத்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

தெருமுனையிலிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். வந்தவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முக்காலியில் இருந்த குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

யாரும் சொல்லாமலே கான்ஸ்டபிள் ஏணியை மடக்கினார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். நெடுநேரம் வாதாடினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"ஸ்டேஷனைத் திறக்கச் சம்மதிச்சுட்டாங்கம்மா. நாளையிலேர்ந்து ஆள் வரும்."

"நாளைக்குத் தொலையறவங்க நாளைக்கு வருவாங்க சார். இன்னிக்குத் தொலைஞ்சவங்க?"

அதிகாரி கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

"சாவி பெரிய ஸ்டேஷன்ல இருக்கே சார்" என்று கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார்.

"அதுக்கென்ன?" சண்டைக்கோழி முக்காலியைத் தட்டிக் காட்டினாள். "பார்த்து உக்காருங்கண்ணா. ஒரு கால் ஆடும்."

கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனாள். பிறகு அதிகாரியின் காதிலும் விழட்டும் என்று திரும்பி நின்று கத்தினாள்:

"அண்ணா! யார் வந்து எழுந்திருன்னு சொன்னாலும் எழுந்திருக்காதீங்க!"