நாவல் மரத்தில் தொங்கிய படங்கு

ஆற்றங்கரையில் இடம் குறித்து அடித்திருந்த வெள்ளை முளைகளைப் பார்த்ததும் விஜயலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் பொதுக் கட்டடம் வரப்போகிறது. மருந்து கொடுக்க ஓர் அறை, கூட்டம் போட ஒரு மண்டபம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாசிகசாலை. அதற்கான முந்நூறு புத்தகங்கள் பதுளையில் பெட்டிகளில் காத்திருந்தன. ஆனால் முளை அடித்த அதே இடத்தில் போன கார்த்திகையில் ஆறு ஓடியது. இப்போது ஆவணி. தண்ணீர் கணுக்காலளவுதான்.

"எஞ்சினியர் சார்கிட்ட சொல்லப்போறேன்," என்றாள்.

"சொல்லு, சொல்லு," என்றான் பக்கத்து லயன் வீட்டு ஜீவன். "எடம் சரியில்லன்னு கட்டாமலே போயிருவாங்க. அப்புறம் ஒனக்கு வாசிகசாலையும் இல்ல, எனக்குக் கேரம் போர்டும் இல்ல."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் வெள்ளத்தில் ஊறி உப்பப்போகும் புத்தகங்களை நினைத்தாள். நேராகப் போனாள்.

பொறியியலாளர் குமாரசிங்கம் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், இங்க ஆறு வருங்க."

"எவ்வளவு உயரத்துக்குப் பிள்ளை?"

வெள்ளத்தன்று யார் போய் அளந்தார்கள்? விஜயலெட்சுமி சுற்றிலும் பார்த்தாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கு ஒன்று, ஆற்றுச் சரிவில் நின்ற நாவல் மரக் கிளையில் கிழிந்து தொங்கியது.

"அந்தா, அவ்வளவுங்க."

"அது காத்து கொண்டுவந்து போட்டதா இருக்கும்," என்று அவர் மறுபடி குனிந்தார்.

அவள் மேசன் ரெங்கசாமியிடம் போனாள். "மாமா, ஒங்க தண்ணிக் குழாயக் குடுங்க."

மட்டம் பார்க்கும் அந்த நீளக் குழாயின் இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஜீவனை நாவல் மரத்தில் ஏற்றி, ஒரு நுனியைப் படங்குக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். மறு நுனியைக் கொய்யா மரத்துக்கு இழுத்துப் போனாள். கிளையில் சிக்கியிருந்த சருகுக்கு நேராகத் தண்ணீர் நின்றது. மூங்கிலிலும் சருகு. அங்கேயும் அதே மட்டம்.

"காத்துக்கு மட்டம் பாக்கத் தெரியுமா சார்?"

ரெங்கசாமி சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார்.

குமாரசிங்கம் குழாயின் மறு நுனியை வாங்கி முளைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தண்ணீர் அவர் கழுத்தளவு உயரத்தில் நின்றது.

"என்ர கழுத்து மட்டுக்கும் வருது," என்றார் மெதுவாக.

"போச்சு," என்றான் மரத்திலிருந்த ஜீவன்.

"வேணாம்னு எழுதிராதீங்க சார்," என்றாள் விஜயலெட்சுமி. "எங்க ஆட்டுக் கொட்டில் மாதிரி கால் வச்சுக் கட்டுங்க. கீழ தண்ணி போகும், பலகை இடுக்குல காத்து வரும். எங்க ஆடு ஒரு நாளும் தும்முனதில்ல."

"ஆட்டுக் கொட்டிலோ?" அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மூங்கிலைப் பார்த்தார், ஆற்றுக் கற்களைப் பார்த்தார். "தூணுக்குக் கல்லு இருக்கு. தட்டிக்கு மூங்கில் இருக்கு. காத்தும் சும்மா வருது. ஓம், செய்யலாம்."

வரைபடத்தை விரித்து, பழைய கோடுகளை அழிக்க அழிறப்பரை எடுத்தார்.

அடுத்த வருடம் கார்த்திகையில் ஆறு பொங்கி வந்து, கல் தூண்களுக்கு நடுவே இரைந்து ஓடியது. மேட்டுப் பக்கத்துப் பலகைப் பாலத்தைத் தாண்டி வந்த பிள்ளைகள் மேலே வாசிகசாலையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தமா வாசி புள்ள, ஆத்து எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல," என்றான் ஜீவன்.

விஜயலெட்சுமி ஈரம் படாத, மொடமொடப்பான அடுத்த பக்கத்தைப் புரட்டி, குரலை உயர்த்தினாள்.