பைரவியின் தகப்பன்

பைரவி செத்துக் கிடப்பதை முதலில் பார்த்தவன் அம்மாசி. அதுதான் அவன் செய்த ஒரே குற்றம்.

1994 ஜூலை, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. அடையாறில் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய பங்களா, அதன் பின்புறம் ஒரு லாயம். பைரவி என்பது ஆறு மாதப் பெண் குதிரைக்குட்டி. பங்களாக்காரர் சுவாமிநாதன் மயிலாப்பூரில் பெயர் வாங்கிய வக்கீல். சங்கீதப் பைத்தியமும் குதிரைப் பைத்தியமும் ஒரே உடம்பில் குடியிருந்ததால் தாய்க்குதிரைக்குக் கல்யாணி என்றும் குட்டிக்குப் பைரவி என்றும் பெயர் வைத்திருந்தார்.

குதிரைக்காரன் அம்மாசி போட்ட கூச்சலில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். குட்டியின் வாயோரம் நுரை. தொட்டியில் வெல்லம் போட்டுப் பிசைந்த தவிடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கிளறிப் பார்த்தார். பொடிப்பொடியாக நறுக்கிய அரளி இலை கையோடு வந்தது. திரும்பினார், அம்மாசியை ஓங்கி ஓர் அறை விட்டார். அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போன் செய்தார்.

சப் இன்ஸ்பெக்டர் உமர் ஃபாரூக் வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. அம்மாசியின் கன்னத்தில் நான்கு விரல்களும் அப்போதும் சிவப்பாகத் தெரிந்தன.

"இவன்தான். அழைச்சுண்டு போங்கோ" என்றார் சுவாமிநாதன்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்க்கணுமா? இந்த மாசத்தோட வேலையை விட்டு நின்னுக்கோன்னு போன வாரம் இவன்கிட்ட சொன்னேன். பழி வாங்கிட்டான்."

"ஏன் நிக்கச் சொன்னீங்க?"

பதில் சுவாமிநாதனின் மனைவி விஜயலக்ஷ்மியிடமிருந்து வந்தது. "நான்தான் காரணம். குட்டிக்குக் காலெல்லாம் தூண் மாதிரி இருக்கே, வண்டியில பூட்டலாம் போலிருக்கேன்னு விளையாட்டாச் சொன்னேன். அம்மாசி சிரிச்சுட்டான். இவருக்கு வந்துதே கோபம்! என்னை ஒண்ணும் சொல்ல முடியலை, அவனைச் சொல்லிட்டார்."

"கோல்டன் ஏரோவோட குட்டியைப் பார்த்து வண்டிக்குதிரைன்னா சிரிப்பாளா?" என்று சீறினார் கணவர்.

கோபத்துக்கு அர்த்தம் இல்லாமல் இல்லை. வண்டிக்குதிரை வாங்குகிறவன் அதன் மார்பையும் குளம்பையும் பார்ப்பான். ரேஸ் குதிரை வாங்குகிறவனோ குதிரையைக் கடைசியில்தான் பார்ப்பான். முதலில் அதன் அப்பா யார், அம்மா யார், பாட்டனார் எந்தக் கோப்பையை ஜெயித்தார் என்று ஜாதகம் பார்ப்பது போல் ஏழு தலைமுறை விசாரிப்பான். தகப்பன் பெயர் சரியில்லாவிட்டால் அந்தக் குட்டி காற்றாய்ப் பறந்தாலும் பந்தயத்தில் நிற்க முடியாது. அந்த வம்சாவளிப் பதிவேட்டில் பைரவியைச் சேர்ப்பதற்காக, பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி ராத்திரி ரயிலேறி அன்று காலை வருவதாக ஏற்பாடு. குட்டியின் நிறம், சுழி, அடையாளம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். அதற்குள் குட்டி போய்விட்டது.

ஃபாரூக் குட்டியின் அருகில் குந்தினார். நல்ல செம்பழுப்பு உடம்பு. பக்கத்துத் தடுப்பில் கண் கலங்கி நின்ற கல்யாணிக்கும் அதே நிறம். ஆனால் குட்டியின் கண்களைச் சுற்றி மட்டும் வளையம் போட்டதுபோல் ஒரு காவி. உடம்பின் நிறத்தோடு அது ஒட்டவே இல்லை. அந்த இடத்து மயிரை விரலால் விலக்கி ஊதிப் பார்த்தார். நுனியில் காவி, அடியில் வெள்ளை.



"சார், சீக்கிரம் முடிச்சீங்கன்னா அடக்கம் பண்ணிடலாம். வெயில் ஏறினா தாங்காது" என்று ஒரு குரல் கேட்டது.

கோதண்டபாணி. சுவாமிநாதனின் கல்லூரித் தோழர், நாற்பது வருட சிநேகம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையின் நிர்வாகி. கல்யாணியைச் சினையாக்கிக் கொடுத்தது அந்தப் பண்ணையின் கோல்டன் ஏரோதான். செய்தி கேட்டதும் மந்தைவெளியிலிருந்து ஓடிவந்து, குழி வெட்ட ஆளும் சுண்ணாம்பு மூட்டையும் ஏற்பாடு செய்துவிட்டார். வெற்றிலை போடுகிறவர். வாயும் சிவப்பு, வலது கையில் மூன்று நகங்களும் சிவப்பு.

"பெங்களூர் அதிகாரி வரட்டுமே, அவரும் பார்க்கட்டும்" என்றார் ஃபாரூக்.

"அவர் வரமாட்டார் சார். காலையிலேயே போன் பண்ணி வர வேண்டாம்னுட்டேன். வயசானவர், எதுக்கு வீணா அலையணும்?"

"நல்ல காரியம். நீங்க கடைசியா குட்டியை எப்பப் பார்த்தீங்க?"

"ஒரு மாசம் இருக்கும். பண்ணையில வேலை சரியா இருக்கு."

சுவாமிநாதன் தோழரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இவன் இல்லேன்னா நான் இப்போ உக்காந்தே போயிருப்பேன்."

அடுத்து அம்மாசி. லாயத்தின் ஓரத்தில் நிறுத்தி விசாரித்தார்.

"அரளி எங்கேர்ந்து வந்துச்சு?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? ரோடு நெடுக்க அரளிதான் கீது."

"தவிடு நீ வெச்சதா?"

"வெல்லம் போட்டு நான் வெக்கிறதே இல்ல சார். பல்லு கெட்டுடும். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குப் புல்லு போட்டுட்டு சைதாப்பேட்டைக்குக் கெளம்பிட்டேன். அப்ப நல்லா துள்ளிக்கினு இருந்துச்சு. நோவு நொடி ஒண்ணும் கெடையாது."

"ராத்திரி வீட்ல யார் இருந்தாங்க?"

"ஐயாவும் அம்மாவும் கச்சேரிக்குப் போறேன்னாங்க. நான் ஜெயிலுக்குப் போனா என் பொண்ணு கல்யாணம் நின்னுடும் சார். அடுத்த மாசம் வெச்சுக்கீறோம். குட்டிய நான் கொல்லுவனா? வவுத்துலேர்ந்து இந்தக் கையில வாங்கினேன் சார்."

"அது கண்ணைச் சுத்தி இருக்கிற கலரு?"

"மொதல்ல நரச்சா மாரி இருந்துச்சு. போன வாரம் ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து பாத்தா செவப்பா கீது. சரி, தானா மாறிடுச்சுன்னு உட்டுட்டேன்."

ஃபாரூக் கூடத்துக்குப் போனார். சுவரில் பெரிய போட்டோ ஒன்று. நடுவில் செம்பழுப்பு நிறத்தில் மின்னும் கோல்டன் ஏரோ, இருபுறமும் சுவாமிநாதனும் கோதண்டபாணியும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. பின்னால் பண்ணையின் புல் வண்டி. அதில் பூட்டிய தடித்த வெள்ளைக் குதிரை ஒன்று படத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றது.

"நேத்துக் கச்சேரிக்கு டிக்கெட் நீங்க வாங்கினதாம்மா?"

"இல்லை. கோதண்டம்தான் கொண்டுவந்து குடுத்தார்" என்றார் விஜயலக்ஷ்மி.

"வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்ககிட்ட ஒண்ணு, அம்மாசிகிட்ட பின்கேட்டுச் சாவி ஒண்ணு. கோதண்டத்துக்கிட்ட ஒரு செட் எப்பவும் இருக்கும். அவர் வேத்து மனுஷாளா?"

ஃபாரூக் பெங்களூருக்கு ஒரு போன் போட்டார். இரண்டு நிமிடம் பேசினார். பிறகு எல்லாரையும் லாயத்துக்கு வரச்சொன்னார். ஒரு சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கோதண்டபாணி சார், கொஞ்சம் கை கழுவுங்க."

"எதுக்கு?"

"வெற்றிலைக் கறைதானே? போயிடும்."

கோதண்டபாணி சிரித்தார். கழுவினார். இன்னும் தேய்த்துக் கழுவினார். நுரை வெளுப்பாகவே இருந்தது, நகங்கள் சிவப்பாகவே இருந்தன.

"அது மருதாணி" என்றார் ஃபாரூக். "எங்க அத்தா சைதாப்பேட்டையில ஜட்கா ஓட்டினவர். வெள்ளைத் தாடி, வாராவாரம் மருதாணி போடுவார். கறுப்பு முடியில மருதாணி தெரியாது. நரைச்ச முடியிலதான் இப்படிக் காவியாப் பிடிக்கும். பத்து நாள் ஆனா அடியில வெள்ளை எட்டிப் பார்க்கும். இந்தக் குட்டியோட கண்ணைச் சுத்தி இருக்கிறது எங்க அத்தாவோட தாடி சார்."

சுவாமிநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆறு மாசக் குட்டிக்கு நரை ஏது?"

"அத்தாகிட்ட ஒரு வெள்ளைக் குதிரை இருந்துச்சு. அது போட்ட குட்டி பொறக்கும்போது சிவப்பு. வெள்ளைக் குதிரை எதுவும் வெள்ளையாப் பொறக்கிறதில்ல. மாசம் ஆக ஆகக் கண்ணோரத்துலதான் முதல்ல வெளுக்கும், அப்புறம் உடம்பு பூராவும். ஆனா ஒண்ணு. அப்பா அம்மாவுல யாராவது ஒருத்தர் அந்த ஜாதியா இருந்தாத்தான் குட்டிக்கு அது வரும். கல்யாணி செம்பழுப்பு. கோல்டன் ஏரோவும் செம்பழுப்பு. அப்ப இந்த வெள்ளை எங்கேர்ந்து வந்துச்சு?"

 விஜயலக்ஷ்மி மெல்லச் சொன்னார். "புல் வண்டி…"

"ஆமாம்மா. கால் தூண் மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னது விளையாட்டில்ல. இன்னிக்கு அதிகாரி வந்து பார்த்திருந்தா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், தகப்பன் பேரு பொய்னு. அந்தப் பேரை எழுதிக் கொடுத்தவர் ஒருத்தர்தான். அம்மாசி லீவுல இருந்த அன்னிக்கு அவர் வந்து மருதாணி பூசினார். ஆனா வெளுப்பு நிக்கிறதா இல்ல. வேற வழி தெரியல. உங்களைக் கச்சேரிக்கு அனுப்பிட்டு, தவிட்டோட வந்தார்."

"இது உங்க கற்பனை" என்றார் கோதண்டபாணி. 

"இருக்கலாம். ஆனா காலையில போன் பண்ணி அதிகாரியை நிறுத்தினேன்னு சொன்னீங்களே, காலையில அவர் ரயில்லதானே இருந்திருக்கணும்? ரயிலுக்கு எப்படி போன் போட்டீங்க? நான் இப்பதான் அவர்கிட்ட பேசினேன். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கே நீங்க கூப்பிட்டு, குட்டிக்கு ரொம்ப முடியல, பொழைக்காது, வீணா வராதீங்கன்னு சொல்லியிருக்கீங்க. ஆறு மணிக்கு அது துள்ளிக்கிட்டு இருந்துச்சு. மரியாதை தெரிஞ்ச மனுஷன் சார் நீங்க. ஒரு வயசானவரை வீணா ரயிலேத்த மனசு வரல. அதுல மாட்டிக்கிட்டீங்க."

கோதண்டபாணி வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோல்டன் ஏரோவால ஒரு குதிரையும் சினையாகலை, சாமி. போன வருஷமே டாக்டர் கைவிட்டுட்டார். வெளியே தெரிஞ்சா பண்ணையை இழுத்து மூடியிருப்பாங்க."

சுவாமிநாதன் அழுதுவிட்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா! வண்டிக்குதிரையோட குட்டின்னா என்ன, வளர்த்திருக்க மாட்டேனா?"

"மாட்டே." கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். "என் அனிருத்துக்கு உன் மதுவந்தியைக் கேட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? சிநேகம் வேற, குலம் வேறன்னு உன் கூடத்துல வெச்சுச் சொன்னே. காப்பி குடுத்து அனுப்பினே. என் புள்ளைக்கே இல்லாத இடம் புல் வண்டிக்குதிரையோட குட்டிக்கு இருக்குமா?"

 ஃபாரூக்குடன் வந்திருந்த கான்ஸ்டபிள் கோதண்டபாணியை ஜீப்புக்கு அழைத்துப் போனார். போகும்போது கோதண்டபாணி தன் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து விஜயலக்ஷ்மியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதைக் கையால் வாங்கவில்லை, லாயத்து மேடையில் வைக்கச் சொன்னார்.

நாற்பது வருடத்தை ஒரே காலையில் பறிகொடுத்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாசியிடம் வந்தார்.

"தப்பு நடந்துடுத்துப்பா. நம்பினவனே துரோகம் பண்ணிட்டான். நீ போயிடாதே. கல்யாணியை நீதான் பார்த்துக்கணும்."

அம்மாசி கல்யாணியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கையை எடுத்தான்.

"அவுரு உங்களுக்குப் பண்ணது துரோகம்னு அளுவுறீங்க. சரி சார். பத்து வருசமா உங்க குதிரைக்கு லத்தி அள்ளிக்கினு கெடந்தவன் நானு. கை ஓங்கறதுக்கு மின்னாடி, ஏண்டா நீயா வெச்சேன்னு என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சுவாமிநாதன் வாயைத் திறந்தார்.

"கேக்கல சார்" என்று அவனே சொன்னான்.

பின்கேட்டுச் சாவியைக் கோதண்டபாணியின் சாவிக் கொத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தான். சுவாமிநாதன் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.