இடப்பக்கம் சாய்ந்த கேரவன்

காலியாக நின்ற கேரவன் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மழை விட்ட மாலை வெளிச்சத்தில் கண்தான் ஏமாற்றுகிறது என்று முதலில் நினைத்தார் சீனி.

ரப்பர் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் பிட்டராக இருந்தவர் அவர். தோட்டத்தை விற்றபோது வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சக்கர வீடு அது. ஒன்பது வருடம் ரப்பர் மரங்களுக்கடியில் கிடந்ததைச் செமோரில் இருக்கும் தன் வீட்டுக்கு இழுத்து வந்து சீர்படுத்தியிருந்தார். கோத்தபாருவில் மகள் மங்களத்துக்கு இது நிறைமாசம். அவளுக்கு ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். மூன்று மாதம் கேரவனில் தங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் மனைவி செல்லாயியும் விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு.

வழியில் கெரிக் ஊரைத் தாண்டினால், போன வருடம் திறந்த மலைச்சாலையில் எழுபது மைலுக்கு ஒரு பட்டறை கிடையாது. அதனால் டியூப், பேரிங், கிரீஸ் டின், ஒரு ஸ்பிரிங் பட்டை, ஸ்பேனர்கள் என்று எல்லாவற்றையும் முற்றத்தில் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தார். ஒன்றையும் இன்னும் உள்ளே ஏற்றவில்லை.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்தார். காலையில் நாலு விரல் போன இடம். இப்போது இரண்டுதான் போனது.

"ஏங்க, இருட்டிக்கிட்டு வருது. காலையில பாத்துக்கலாம் லா." தலைவலியோடு மத்தியானமே படுத்துவிட்ட செல்லாயியின் குரல், வீட்டு அறையிலிருந்து.

"தோ வாரேன். ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கும் போல."

டார்ச்சோடு அடியில் புகுந்தார். ஸ்பிரிங் உடையவில்லை. மேலே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல வளைந்திருந்தது. கிரீஸ் வாசனையை மீறி ரப்பர் மரத்து ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் இறங்கியது. தலைக்கு மேல் பலகை முனகியது. இடப்பக்க ஸ்பிரிங் மெல்ல நிமிர, வலப்பக்கத்தது வளைந்தது. வண்டிக்குள் ஒருவர் நடந்தால் ஸ்பிரிங் எப்படி அசையும் என்று அவருக்குத் தெரியும்.

"செல்லாயி?"

"என்ன?" வீட்டு அறையிலிருந்துதான்.

வெளியே ஊர்ந்து வந்து கேரவன் கதவைத் திறந்து வெளிச்சம் அடித்தார். இரண்டு மெத்தைப் பலகைகள். மடக்கு மேசை. ஆள் இல்லை. ஆனால் யாரோ திரும்பிப் பார்த்ததுபோல வண்டி ஒருமுறை குலுங்கியது.

சீனி பின்வாங்கினார். கதவடியின் இரும்புப் படி தானாகத் தாழ்ந்தது. பிறகு எழும்பியது. கேரவன் நேராக நின்றது.

இறங்கிவிட்டது.

சாக்கின்மேல் ஒரு ஸ்பேனரின் நுனி எழும்பி, விழுந்தது. அடுத்து வீட்டு வாசல் கால்வாயின் குறுக்குப் பலகை. நடுவில் வளைந்து, நிமிர்ந்தது. அப்புறம் கூடத்துத் தரைப் பலகை. அவர் கையால் அடித்த பலகை.

சீனி உள்ளே ஓடினார்.

அறை வாசலில் கால் நின்றுவிட்டது.

செல்லாயி சுவர்ப் பக்கம் திரும்பி, கண்மூடிப் படுத்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மெத்தை அமிழ்ந்தது. முதலில் இடுப்பளவு. பிறகு தோள். பிறகு தலையணையில் ஒரு குழி.

அவள் கண்ணைத் திறக்காமலே நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்துட்டீங்களா," என்றாள் தூக்கத்தில். "கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு."

காற்றில் எதையோ பற்றி முன்னால் இழுத்து, தன் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டாள்.

கன்னம் தலையணையைத் தொடவில்லை.