மூன்றாவது கேசட்

கேசட்டில் சிரில் பேசிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. முதலில் நீளமாக ஒரு முனகல், பிறகு கீல் எங்கோ தடுக்கிக்கொள்வதுபோலச் சின்னதாக ஒரு 'டிக்'. பிரிஜெட் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டுச் சமையலறைக் கதவு மூடித்தான் இருந்தது. ஆனால் கேட்டது அந்தக் கதவின் சத்தம்தான்.

அவள் கணவன் சிரில் இருந்தது மஸ்கட்டில். ஐந்து பேர் கொண்ட அவர்கள் இசைக்குழு மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டலில் வாசிக்கப் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. அவன் கிடாரும் பாட்டும். அவன் தோழன் நீல் டிரம்ஸ். கிளம்புகிற அன்று சிரில், "லெட்டர் எழுத எனக்கு வராது பிரிஜி, பேசி அனுப்புறேன்" என்று பெட்டியில் பத்து வெற்றுக் கேசட்டுகளை வைத்துக்கொண்டான். அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த ஐந்து, வீட்டில் மேஜை மேலிருந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்து அலமாரியில் கிடந்தன.

முதல் கேசட்டை விடுமுறைக்கு வந்த ஒரு நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் சிரில் சிரித்துக்கொண்டே பேசியிருந்தான். மேடை கேரம் போர்டு அளவுதான் இருக்கிறதாம். கடல் தெரிகிற அறை என்று சொல்லிக் கொடுத்த அறையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்து ஏசி பெட்டிகள்தான் தெரிகின்றனவாம். இங்கிலீஷ் பாட்டெல்லாம் முடிந்து மேஜைகள் காலியானதும், தூத்துக்குடிக்காரர் ஒருவர், கப்பலில் சமையல் வேலை, ஒரே தமிழ்ப் பாட்டை மூன்று முறை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, கை தட்டாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாராம். பிரிஜெட் அந்தக் கேசட்டைப் பன்னிரண்டு முறை கேட்டாள்.

இரண்டாவது கேசட் வேறு மாதிரி இருந்தது. பாலைவனத்தில் எங்கேயோ, பஸ்ஸில் நான்கு மணி நேரம் போய், குழாய் பதிக்கும் தொழிலாளர்களின் கேம்ப்பில் வாசித்திருக்கிறார்கள்.

"முந்நூறு பேர் இருந்திருப்பாங்க பிரிஜி. மண்ணுலயே உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் கை தட்டல, அசையல. முதல்ல எங்க முகத்தைப் பாக்குறாங்கன்னு நெனச்சேன். இல்ல. என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க." இந்த இடத்தில் அவன் தண்ணீர் குடிப்பது கேட்டது. "கடைசிப் பாட்டுல, ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்க நிறுத்தினேன். பாட்டு நிக்கல. என் குரல்தான். கூட்டத்துக்குள்ள இருந்து வந்துச்சு. நீல், எக்கோ மிஷின் கோளாறுன்றான். இருக்கலாம். தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு. நாளைக்குப் பேசறேன்."

பேச்சு அத்தோடு நின்று, மீதி முக்கால் கேசட்டும் வெறும் இரைச்சலாக ஓடியது. பிரிஜெட் அதையும் கடைசி வரை கேட்டாள். அவன் இருந்த அறையின் இரைச்சல் அல்லவா என்று நினைத்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, இன்று காலை, இந்த மூன்றாவது கேசட் வந்தது. மாடிப்படியை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் கிடந்தது. கொண்டுவந்தவர் அவசரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"இப்ப தொண்டை நல்லாயிடுச்சு" என்றான் சிரில். குரல் தெளிவாக, இளமையாக, காதுக்கு மிக அருகில் இருந்தது. "இங்க யாரும் இல்ல. ரொம்ப அமைதியா இருக்கு. உன்கிட்ட பேசிட்டே இருக்கலாம்."

கதவுச் சத்தத்துக்குப் பிறகு அவள் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். சிரிலின் பேச்சுக்கு அடியில், வெகு கீழே, மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. பெங்களூர் ஆடுகோடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இரும்பு அறுபடும் சத்தம் வந்து போனது. தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் கன்னடத்தில் இழுத்துக் கூவினாள்: "ஸொப்போ... மெந்த்யா ஸொப்பு..." நீலசந்திராவில் பிரிஜெட் குடியிருந்த சந்தில் தினமும் கீரை விற்கும் சின்னத்தாயியின் குரல் அது.

பிரிஜெட் யோசித்தாள். போவதற்கு முன் சிரில் இந்த அறையில் உட்கார்ந்து நிறைய ஒத்திகைகளைப் பதிவு செய்திருக்கிறான். அப்படி ஒரு பழைய கேசட்டின் மேலேயே பேசியிருப்பான். அழியாமல் நின்ற பழைய சத்தங்கள் அடியில் கேட்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

பள்ளிக்கூடம் லீவு. அவள் நர்சரி டீச்சர். வருஷம் முழுக்க நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் தொண்டை வற்றக் கத்துகிறவள், ஏப்ரல் பிறந்ததும் திடீரென்று ஒரு வார்த்தைகூடத் தேவைப்படாதவளாகிவிடுவாள். பால் பாக்கெட் வாசலில் கிடக்கும். காய் வாங்கக் கையைக் காட்டினால் போதும். கோலார் தங்கவயலிலிருந்து அக்கா குளோரியா, "தனியா என்ன பண்றே, இங்க வந்துடு" என்று எழுதியிருந்தாள். கேசட் வரும் சமயத்தில் வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று பிரிஜெட் போகவில்லை. வெயில் ஏறி, சந்தில் நாய்கூட இல்லாத மூன்று மணிக்கு, ஆறிய சாம்பாரின் வாசனையும் பக்கத்து வீட்டு ரேடியோவின் முணுமுணுப்புமாக அறை தன்னைச் சுற்றி மெல்ல மூடிக்கொள்வதுபோல இருக்கும்போது, கடைசியாக யாரிடம் வாய் திறந்து பேசினோம் என்று எண்ணிப் பார்ப்பாள். மூன்று நாள். சில வாரங்களில் நான்கு.

ஆனாலும் மாலையில் தொண்டை வலித்தது. நாளெல்லாம் வகுப்பெடுத்ததுபோல.

அடுத்த வியாழக்கிழமை மதியம் ஆலங்கட்டி மழை பெய்தது. எதிர்வீட்டுத் தகரக் கூரையில் யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவதுபோலச் சத்தம். பிரிஜெட் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் படுத்தாள். எழுந்தபோது மழை விட்டு, ஈர மண்ணின் வாசனை அறைக்குள் நின்றது. உதடுகள் காய்ந்திருந்தன. மேஜை மேல் ஒரு கேசட் இருந்தது.

தானே காலையில் எடுத்து வைத்திருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அதைப் போட்டாள்.

"பிரிஜி" என்றான் சிரில். "நீ யார்கிட்டயும் அதிகம் பேசறதில்ல இல்ல? நல்லது. பேசாதே. உனக்கும் சேத்து நான் பேசறேன்."

அவன் குரலுக்குப் பின்னால் ஆலங்கட்டி விழுந்தது. தகரக் கூரையில். கூடை கூடையாக.

அவள் கேசட்டை நிறுத்தினாள். மஸ்கட்டிலும் மழை பெய்யலாம். அங்கும் தகரக் கூரை இருக்கலாம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும். யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா வள்ளியம்மா கூப்பிட்டாள். அந்த வீட்டில் போன் இருந்தது அவளிடம் மட்டும்தான்.

"பிரிஜெட்டு! ஃபாரின்ல இருந்து போன். சீக்கிரம் வாம்மா."

படியிறங்கி ஓடினாள். போனைக் கையில் கொடுத்துவிட்டு வள்ளியம்மா மெதுவாகக் கேட்டாள்: "யாரோ நீலாம். சிரில் தம்பிக்கு உடம்பு சரியில்லன்றார். என்னம்மா இது? இப்பத்தானே மேல தம்பி குரல் கேட்டுச்சு. வந்துட்டாருன்னு நெனச்சேனே?"

"அது கேசட் ஆன்ட்டி" என்றாள் பிரிஜெட். சொல்லும்போதே நினைவு வந்தது. மத்தியானத்திலிருந்து அவள் டூ-இன்-ஒன்னைத் தொடவே இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

போனில் காற்றடிப்பதுபோல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து நீல் பேசினான்.

"அக்கா, பயப்படாதீங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். சிரில்தான் வேணாம்னு எழுதிக் காட்டினான்."

"எழுதிக் காட்டினாரா?"

"குரல் போயிடுச்சுக்கா. அந்த கேம்ப் ஷோ முடிஞ்ச மறுநாள் காலைல இருந்து. ஒரு சத்தம்கூட வரல. டாக்டர் குழாய் விட்டுப் பாத்துட்டாரு, தொண்டைல ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்றாரு. வர்ற வாரம் அவனை அனுப்பிடறோம். நாங்களும் வந்துடுவோம். அவன் இல்லாம நிகழ்ச்சி பண்ண முடியல."

பிரிஜெட் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "கேம்ப் ஷோவுக்கு அப்புறமா? அப்புறம் ரெண்டு கேசட் வந்துச்சே நீல். நல்லாப் பேசியிருக்காரே."

அந்தப் பக்கம் ஒரு பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"மொத்தமே ரெண்டு கேசட்தான்க்கா அனுப்பினான்" என்றான் நீல். "நர்ஸ்கிட்ட ஒண்ணு. அந்தக் கப்பல் சமையல்காரர் உத்தமன்கிட்ட ஒண்ணு. மீதி எட்டும் பிரிக்காம இங்கதான் இருக்கு. என் கண்ணு முன்னாடி." பிறகு, "இருங்க, சிரில் பக்கத்துலதான் இருக்கான். போனை அவன் காதுல வைக்கறேன். நீங்க பேசுங்க."

மூச்சு. ஒரு மனிதனின் மூச்சு மட்டும். அவளுக்கு அந்த மூச்சைத் தெரியும். மூன்று வருஷமாகப் பக்கத்தில் கேட்டுத் தூங்கிய மூச்சு.

"சிரில்" என்றாள். தொண்டை கரகரத்தது, தன் குரலையே எங்கோ தொலைவில் கேட்பதுபோல இருந்தது. "எனக்குக் கேசட் வருதுங்க. உங்க குரல்தான். ஆனா அதுல நம்ம வீட்டுச் சத்தமெல்லாம் கேக்குது."

மூச்சு நின்றது. பிறகு போனை விரலால் தட்டும் சத்தம். வேகமாக. இன்னும் வேகமாக. எதுவோ கீழே விழுந்தது.

"அக்கா என்ன சொன்னீங்க?" நீல் கத்தினான். "அழறான்... இருங்க, எழுதறான். கிறுக்குறான், சரியாப் படிக்க முடியல... 'வாயை மூடிக்காதே'ன்னு எழுதறான்க்கா. 'பேசு. பேசிட்டே இரு. அதுக்கு இடம் குடுக்காதே.' எதுக்குக்கா? அக்கா?"

லைன் கட்டாகிவிட்டது.

வள்ளியம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காரும்மா, காபி போடறேன். ஒண்ணும் பேஜார் பண்ணிக்காதே" என்றாள். பிரிஜெட் தலையசைத்தாள். பதில் சொல்ல நினைத்தாள். அந்தக் கேசட்டுகளை இப்போதே எடுத்து வந்து இவள் அடுப்பில் போட வேண்டும், பிறகு ராத்திரி முழுக்க இவளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நினைத்துக்கொண்டே, ஒன்றும் சொல்லாமல், படியேறினாள்.

மாடியில் நல்ல வெயில் வெளிச்சம். மடித்த துணிகள் கட்டிலில் அப்படியே இருந்தன. மேஜை மேல் டூ-இன்-ஒன். உள்ளே ஒரு கேசட்.

சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

சத்தம் எதுவும் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். சிவப்புப் பொத்தான் அமுங்கியிருந்தது. பதிவாகிக்கொண்டிருந்தது.

அலமாரியைத் திறந்தாள். ஐந்து வெற்றுக் கேசட்டுகள் இருந்த இடத்தில் இரண்டு.

ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. சக்கரங்கள் நின்றன.

"ஏன் நிறுத்தினே?" என்றான் சிரில்.

திரும்பினாள். யாருமில்லை.

"நான் இன்னும் முடிக்கல பிரிஜி."

கதவைத் திறந்து பார்த்தாள். சமையலறை. காலி. கட்டிலுக்கடியில் பார்த்தாள். பெட்டி. தூசி. மிக அருகில் இருந்தது குரல். இவ்வளவு அருகில் சிரில்கூடப் பேசியதில்லை.

"தேடாதே. நான் எங்கயும் போகல."

அலறல் அடிவயிற்றிலிருந்து எழுந்தது. ஏறி வந்தது. தொண்டையில் வந்து நின்றது. அங்கே இடமில்லாததுபோல நின்றது. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிலின் குரல் அமுங்கியது. மங்கலாக, விரல்களுக்கு அடியிலிருந்து கேட்டது.

உள்ளங்கையில் உதடுகள் அசைந்தன. நிதானமாக. அவள் அசைக்கவில்லை.

கீழே காபி டம்ளரோடு வள்ளியம்மா படியேறும் சத்தம். பாதிப் படியில் நின்று, சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள். "யாரு, சிரில் தம்பியா? வந்துட்டீங்களா?"

பிரிஜெட் இன்னும் இறுக்கினாள். நகங்கள் கன்னத்தில் பதிந்தன. கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது. அந்த விரல்களை உள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வாய் அகலமாகத் திறந்தது.

"வந்துட்டேம்மா" என்றது. "மேல வாங்க. உக்காந்து பேசலாம்."