கோதண்டராமனின் வலது கால்

ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை நிறுத்தும்போதே எழிலன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டான். அவன் அப்படிப்பட்ட ஆள். செஞ்சி பஜாரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். வாடிக்கையாளர் நீட்டும் போனை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் தொடமாட்டான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சிக் குடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். அவன் சுத்தத்தைக் கேலி செய்யாத சொந்தக்காரர்கள் கிடையாது. முதலில் கேலி செய்பவர் அக்கா புருஷன் கோதண்டராமன்தான். அவர்தான் இப்போது உள்ளே கிடந்தார்.

எலும்பு முறிவு வார்டு பழைய கட்டடத்தின் கோடியில் இருந்தது. டெட்டால் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. அது என்னவென்று யோசிக்க எழிலனுக்குத் தைரியமில்லை. முதல் கட்டிலில் கழுத்துக்குப் பட்டை மாட்டிய கல்லூரிப் பெண் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். அடுத்தவருக்கு விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நெஞ்சில் செருகிய குழாய் வழியே ரத்தநீர் இறங்கி, கட்டிலடி பாட்டிலில் குமிழி விட்டது. அதற்கடுத்தவர் இடுப்பு உடைந்தவர். படுத்தபடியே போய்விட்டு, துடைக்க ஆள் வராமல் அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாம் லாரி கேஸ்தான் தம்பி" என்றார் சிஸ்டர் கலைவாணி, பஞ்சை மடித்துக்கொண்டே. "பைக்குல போறவங்களுக்குத் தலையும் கழுத்தும். ஸ்டியரிங்ல மோதினா விலா. டயர் ஏறிட்டா இடுப்பும் காலும். ஆளுங்கதான் மாறுறாங்க, அடி மாறுறதில்ல."

கோதண்டராமன் மேல் டயர் ஏறியிருந்தது. புண்ணாக்கு மூட்டையோடு மொபெட்டில் தளவானூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவரை, ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் லாரி இடதுபக்கம் ஒடித்துத் தள்ளியது. பின்சக்கரம் வலது காலில் ஏறியது. பதறிப்போன டிரைவர் ரிவர்ஸ் எடுக்க, இன்னொரு தரம் ஏறியது. முட்டியிலிருந்து பாதம் வரை தோல், சாக்ஸ் கழன்றுவந்த மாதிரி உரிந்துவிட்டதாம். தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாமா கண்ணைத் திறந்தார்.

"மச்சான், அத குப்பையில போட உட்றாதே. நம்ம கொல்லையில, கேணி மேட்டாண்ட பொதச்சிடு. நாய் தோண்டாத ஆழத்துல போடு."

"நான் பாத்துக்கறேன் மாமா."

"உன் கையால போடு. பசங்க பாக்க வேணாம்."

தலையாட்டாமல் என்ன செய்வான்? சின்ன வயதில் வாந்தியும் பேதியுமாகக் கிடந்த எழிலனைத் தோளில் போட்டுக்கொண்டு செஞ்சி வரைக்கும் ஓடிய மனிதர் அவர். சட்டையெல்லாம் நாறியது. அன்றைக்கு அவர் முகம் சுளிக்கவே இல்லை.

வெட்டிய காலைக் கேட்டு எழுதிக்கொடுத்ததும், மஞ்சள் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தந்தார்கள். எழிலன் அதை யூரியா சாக்குக்குள் விட்டுத் தூக்கினான். தூக்கியதும் திடுக்கிட்டான். ஒரு காலுக்கு இவ்வளவு கனமா? உச்சி வெயில். சாக்கைப் பெட்ரோல் டாங்கின்மேல் கிடத்திக் கட்டினான். பள்ளம் மேட்டில் வண்டி குதித்தபோதெல்லாம், சாக்குக்குள்ளிருந்து குதிகால் அவன் தொடையில் முட்டியது. இன்னும் சூடாக இருந்தது.

செஞ்சி ரோட்டில், பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்த ஒரு குன்றருகே வந்தபோது ஷூவுக்குள் ஏதோ கொழகொழவென்று ஈரம் இறங்கியது. குனிந்து பார்த்தான். சாக்கின் மூலை கசிந்துகொண்டிருந்தது.

வண்டியை நிறுத்திக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அந்த இடம் கோழிக்கடைக்காரர்கள் கழிவு கொட்டுகிற இடம். இறகும் குடலும் தலையுமாகப் புளித்துக் கிடந்தன. தளவானூர் திருப்பத்துக்கு இன்னும் கொஞ்சதூரம்தான். ஆனால் அந்தச் சாக்கை இனி ஒருமுறை தொடுவதென்றால் செத்துவிடலாம் என்றிருந்தது. கயிற்றை அவிழ்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலாலேயே உதைத்துப் பள்ளத்தில் தள்ளினான்.

வீட்டுக்குப் போய் ஷூவை எரித்தான். தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தான். அக்காவுக்குப் போன் செய்து, "ஆழமா பொதச்சிட்டேன்க்கா, உப்பும் மஞ்சளும் போட்டேன்" என்றான். பொய் சொன்னதில் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. வெட்டிப்போட்ட சதைக்கு என்ன தெரியும் என்று நினைத்தான்.

மறுமுறை வார்டுக்குப் போனபோது மாமா கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஈ மொய்க்குதுடா. ஓட்டிவிடு."

"எங்க மாமா?"

"கால்லதான்."

கால் இல்லாத இடத்தைக் காட்டினார். இளவயது டாக்டர் சிரித்தபடி விளக்கினார்: வெட்டின பிறகும் மூளை அந்த உறுப்பு இருப்பதாகவே நினைக்கும், லாரியில் அடிபட்டு வருகிற நிறையப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். எழிலனுக்கு மூச்சு வந்தது. ஆனால் நாளாக ஆக மாமா சொன்னவை வேறு மாதிரி போயின. விரல் இடுக்கில் ஏதோ நெளிகிறது என்றார். பாதம் ஊறிப்போய் வெடிக்கிறது என்றார். சோற்றை வாய்க்கருகே கொண்டுபோனால் அழுகல் நாறுகிறது என்று தட்டைத் தள்ளினார். தொடைப் புண்ணில் சீழ் கட்டியது. காய்ச்சல் இறங்கவில்லை.

"இப்படியே போனா இன்னும் மேல வெட்டணும்" என்றார் டாக்டர். இப்போது அவர் சிரிக்கவில்லை. "அதையும் உடம்பு தாங்குமான்னு தெரியல."

அக்கா பூங்குழலி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா முனகினார்.

"மச்சான். கோழி எறகு ஒட்டுது. நம்ம கொல்லையில ஏது கோழி எறகு?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். எழிலன் அவள் கண்ணைப் பார்க்காமல், மாமாவின் கட்டிலைப் பார்த்தான்.

விரிப்பின்மேல் ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

காலியான விரிப்பில். நீளமாக. முட்டியில் லேசாக மடங்கி, கீழே ஐந்து விரலாகப் பிரிந்து.

எழிலன் வெளியே ஓடினான்.

நேரே அந்தப் பள்ளத்துக்குப் போனான். நல்ல பகல் வெளிச்சம். குச்சியால் குடலையும் இறகையும் கிளறினான். ஒவ்வொரு கிளறலுக்கும் குமட்டினான். சாக்கு கிடைத்தது. கவரும் கிடைத்தது. இரண்டும் கிழிந்திருந்தன. உள்ளே எதுவுமில்லை. மேட்டில் தெருநாய்கள் நின்றிருந்தன. கழிவு குவிந்து கிடந்தும் ஒன்றுகூடக் கீழே இறங்கி வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா போன் செய்தாள். "பொதச்ச எடத்துல பால் ஊத்தணும்டா. அடங்கச் சொல்லணும். நாளைக்குக் காலையில நான் வரேன்."

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். எழிலன் என்ன செய்தான் தெரியுமா? விடியுமுன் மண்வெட்டியோடு போய், கேணி மேட்டில் வெறும் குழி ஒன்றை வெட்டி, வெட்டிய மண்ணைப் போட்டே மூடினான். அப்படிப்பட்ட கெட்டிக்காரன்.

பூங்குழலி கற்பூரம் ஏற்றிப் பால் சொம்பைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீதான் தூக்கியாந்தே. நீயே ஊத்து. நீயே கூப்டு."

"இன்னான்னு கூப்டறது?"

"நான்தான் உன்னைக் கொண்டாந்தேன், என்கிட்ட வந்து அடங்குன்னு சொல்லு. பேர் சொல்லிக் கூப்டு."

வெறும் மண்ணின்மேல் பாலை ஊற்றினான். ஒழுங்காகச் சொல்லும்வரை அக்கா விடவில்லை. தளவானூர் கோதண்டராமன் வலது காலே, நான்தான் கொண்டுவந்தேன், என்னிடம் வந்து அடங்கு என்று சொல்லி முடித்தான். காற்றே இல்லாமல் கற்பூரம் அணைந்தது.

அன்று மத்தியானம் மாமா எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். ரசத்தை ஊற்றி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாராம். பூங்குழலி போனில் அழுதுகொண்டே சொன்னாள். எழிலனுக்கும் அழுகை வந்தது. இத்தோடு தொலைந்தது என்று கடையைச் சீக்கிரமே சாத்தினான். மாடியில் இருந்த தன் வீட்டுக்குப் போய், பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமாவே கூப்பிட்டார். குரல் தெம்பாக இருந்தது.

"வலி சுத்தமா போச்சு மச்சான். எழுந்து நிக்குது. நடக்குது."

"யாரு மாமா?"

"காலுதான். மத்தியானத்துலேர்ந்து நடந்துனே இருக்குது. தார் ரோடு சுட்டுது. அப்புறம் ஜல்லி குத்திச்சி. இப்போ ஏதோ சாக்கடைத் தண்ணி."

எழிலன் வீட்டு வாசலில்தான் பஜார்ச் சாக்கடை ஓடுகிறது.

கரண்ட் போனது.

"படி மச்சான். மெதுவா ஏறுது."

தொப்.

மாடிப்படியில் ஈரத்துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, அதற்கு மேல் படியில் இன்னொன்று.

தொப்.

முதலில் நாற்றம் கதவிடுக்கில் நுழைந்தது. கோழிக்குடல், சீழ், அதற்குமேல் லேசாக மஞ்சள் பிளாஸ்டிக் வாசனை. எழிலன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினான். தாழ்ப்பாள் போட்ட கதவு போட்டபடியே இருந்தது.

"வழுவழுன்னு டைல்ஸு" என்றார் மாமா, சந்தோஷமாக. "சில்லுனு இருக்குது. ஏதோ துணி தட்டுப்படுது. லுங்கி மாதிரி இருக்குது மச்சான்."

இருட்டில் அவன் கெண்டைக்காலோடு, தோலில்லாத ஏதோ ஒன்று ஒட்டி நின்றது.

கோதண்டராமன் தேறி ஊருக்கு வந்துவிட்டார். கட்டைக் கால் பொருத்தச் சொன்னால் வேண்டாம் என்கிறார். தன் கால் எங்கேயோ நல்லபடியாகத்தான் இருக்கிறதாம். இரண்டு கோலூன்றிக்கொண்டு கொல்லைக்குப் போய் வருகிறார். பூங்குழலி தம்பியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாள். எழிலன் கடைக்குத்தான் இப்போது வாடிக்கையாளர்கள் கைக்குட்டையோடு வருகிறார்கள். வாசலிலேயே நின்று போனை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அவன் எவ்வளவு குளித்தாலும் அந்த நாற்றம் போகவில்லை. வீடு மாறிப் பார்த்தான். புது வீட்டுப் படியிலும் அந்தச் சத்தம் ஏறி வந்தது. மாமாவிடமும் அக்காவிடமும் உண்மையைச் சொல்ல அவனுக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். எழிலன் கட்டிலின் ஓரத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தான். போன் அடித்தது.

"தூங்கிட்டியா மச்சான்? ஒண்ணுமில்ல. எப்பவும் கதகதப்பா இருக்கும், இன்னிக்கு வெரலெல்லாம் வெறைக்குது. எங்க கெடக்குதோ பாவம், போத்திவிட ஆளில்லாம."

எழிலன் மூச்சை அடக்கிக்கொண்டான். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, தன் போர்வையில் பாதியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டான்.

"ஆங்" என்றார் மாமா. "இப்போ பரவாயில்ல."