டேங்க் மூடியில் சந்தனம்

அருப்புக்கோட்டையில் டீசல் பம்பும் நாசிலும் பழுது பார்க்கும் பட்டறை வேதமுத்துவுடையது. 1988-ல் ஒரு நாள் காலை, பரளச்சி ஊர்க்காரர் சௌந்தரபாண்டியன் அங்கே காரில் வந்து இறங்கினார். அவர் வந்தது பழுது பார்க்க அல்ல.

"எஞ்சின்ல கோளாறு இல்லைன்னு எழுதிக் குடுங்க. இந்த டிரைவர் சங்கையா டீசல் திருடுறான். ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன்."

சங்கையா தலை குனிந்து நின்றான். பன்னிரண்டு வருஷமாக அவரிடம் வண்டி ஓட்டுகிறவன். திருட்டுப் பட்டத்தோடு ஸ்டேஷன் ஏறினவனுக்கு அப்புறம் யார் சாவி கொடுப்பார்கள்?

"திருடுறான்னு எப்படித் தெரியும், அண்ணாச்சி?" என்றார் வேதமுத்து.

"டீசல் சீக்கிரம் தீருது. அதான் ஒரு மாசமா டேங்க் மூடி மேல சந்தனத்த அப்பிக் குங்குமம் வச்சு அனுப்புறேன். தொறந்தா உடைஞ்சிரும்ல. டவுனுக்குப் போனா உடைஞ்சுதான் வருது."

"அப்ப இவன்தான்" என்று பட்டறைக் கூட்டாளி பால்ச்சாமி தீர்ப்பே சொல்லிவிட்டார். அவசரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வேதமுத்து டிரைவரைப் பார்த்தார். "ஏன் தொறந்த?"

"பத்து மைலு போனா நின்னுருதுண்ணே. டீசல் இருக்கான்னு குச்சி விட்டுப் பாக்கத் தொறப்பேன். புஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். பொறவு ஓடும்."

"எம்புட்டு நாளா?"

"ஒரு மாசமாத்தான்."

வேதமுத்து மூடியைக் கழற்றி, அதிலிருந்த சின்ன ஓட்டையை ஊசியால் குத்தினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. வண்டியைக் கிளப்பச் சொன்னார், கரும்புகை வந்தது. பிறகு ஒரு நாசிலைக் கழற்றி, சோதனைப் பம்பில் மாட்டி அழுத்தினார். டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"பாருங்க அண்ணாச்சி. நாசில் டீசலப் புகை மாதிரி பீச்சணும். அப்பத்தான் எஞ்சினுக்குள்ள முழுசா எரியும். இது மூக்கு ஒழுகுற மாதிரி ஒழுகுது. எரியாத டீசல்தான் கரும்புகையாப் போகுது. நீங்க தேடுற திருடன் இதுதான்."

"அப்ப வண்டி ஏன் நின்னுச்சு?" என்றார் பால்ச்சாமி.

"டீசல் கொறையக் கொறைய அந்த ஓட்டை வழியா டேங்குக்குள்ள காத்து போகணும். போகாட்டி பம்பால இழுக்க முடியாது. அண்ணாச்சி சந்தனம் ஓட்டைய அடைச்சிருச்சு. வண்டி நின்னதாலதான் இவன் மூடியத் தொறந்தான்."

சௌந்தரபாண்டியன் புது நாசில்கள் மாட்டச் சொன்னார். பால்ச்சாமிக்கு வெட்கமாக இருந்தது. மத்தியானத்துக்குள் மாட்டியாயிற்று.

"ஏலே சங்கையா, வண்டிய எடு" என்றார் முதலாளி.

"பரளச்சி டீக்கடையில வச்சுத்தான என்னையத் திருடன்னீக மொதலாளி. அங்க போயி இதையும் சொல்லுங்க. பொறவு எடுக்கேன்."

"சொல்லுறேன்லே. கெளம்பு."

"சொன்ன பொறவு கெளம்புறேன்."

சௌந்தரபாண்டியனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரளச்சி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.